தோட்டாவுக்குள் காலி இடம்

ஜெசிந்தா, ஆண்டனி இருவருக்கும் அப்பா எழுதுவது.

நான் வேலை பார்த்த இடத்திலிருந்து போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியராம். சுடும் சோதனையில் வேகம் அளக்க இப்போது ரேடார் வந்துவிட்டது, பழைய முறையில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். ரிட்டயர் ஆன மனிதனை யார் இப்படிக் கேட்கிறார்கள்? எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் சொன்னாள்: "செல்வம் சாரைத்தான் அங்கிள் மொதல்ல கேட்டோம். எனக்கு எழுத வராது, ஜோசப்பைக் கேளுங்கன்னு அவர்தான் உங்க நம்பர் குடுத்தார்."

குளிர்ந்தது எல்லாம் சூடாகிவிட்டது. லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தேன். உங்கள் அம்மா, எங்கே போனீர்கள் என்றாள். பால் வாங்க என்றேன். கையில் பால் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் அளவும் முறையும் மட்டும்தான் இருக்கிறது. மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். செல்வம் மாமா வீட்டு விசேஷம் என்றால் அப்பாவுக்கு மட்டும் ஏன் தலைவலி வருகிறது என்று நீங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பதில் இதற்குள் இருக்கிறது.

இடத்தின் பெயரை எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பயன்படும் ரைபிள் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லும் ஷெட் எங்களுடையது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நானும் மர்பி டவுன் செல்வமும் ஒரே நாளில் உள்ளே போனோம். மேஸ்திரி மாரியப்பன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: "தட்டிப் போடு." அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முதலில் தோட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதன் அடியில் பொட்டு மாதிரி ஒரு பற்றவைப்பான் இருக்கும், ப்ரைமர் என்போம். கூட்டுக்குள்ளே வெடிமருந்து. வாயில் குண்டு. துப்பாக்கியின் ஊசி ப்ரைமரைக் குத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகி, அந்த வாயு குண்டைக் குழல் வழியாகத் தள்ளுகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் எரிகிற மருந்தின் பலம் முழுவதும் குண்டுக்குப் போவதில்லை. பாதிக்கு மேல் சூடாகவும் குழல் வாயில் தெறிக்கும் நெருப்பாகவும் தோளில் விழும் உதையாகவும் வீணாகிறது. சின்னப் பாத்திரத்தை வைத்து கேஸைப் பெரிதாகத் திறந்துவிட்டால் தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி எரியும் பார்த்திருக்கிறீர்களா, அம்மா வந்து திட்டிக் குறைப்பாளே, அது மாதிரிதான். மருந்தை இரண்டு மடங்கு போட்டால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது. கொஞ்சம்தான் ஏறும். மீதி சத்தமாகப் போகும்.

ஆகவே நல்ல தோட்டா எது என்று கேட்டால், பெரிய தோட்டா என்று சொல்லக் கூடாது. போட்ட மருந்துக்கு அதிக வேலை வாங்குகிற தோட்டாதான் நல்லது. வாங்கிய வேகத்தைக் காற்றிடம் இழக்காமல் கடைசி வரை கொண்டுபோகிற குண்டும் அதற்கு வேண்டும்: மூக்கு நீளமாக, வால் கொஞ்சம் ஒடுங்கி. அப்புறம் கூட்டுக்குள் மருந்து ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும். காலி இடம் இருந்தால் மருந்து உள்ளே அங்குமிங்கும் ஓடும். பின்பக்கம் ப்ரைமரை ஒட்டிக் கிடந்தால் ஒரு மாதிரி எரியும், முன்பக்கம் ஓடிப்போயிருந்தால் வேறு மாதிரி எரியும். வேகம் மாறிவிடும்.

மேஸ்திரி சொன்ன தட்டல் இதற்குத்தான். தோட்டாவின் அடிப்பக்கத்தைக் கீழே பிடித்து விரலால் மெல்லத் தட்டினால் மருந்து பின்னுக்கு இறங்கும். அப்படியே அலுங்காமல் படுக்கவைத்து, குழலுக்குள் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. என் கை அதில் கெட்டி. நான் சுட்டால் வேகக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு வரும். குழலுக்கு முன்னால் இரண்டு திரைகள் வைத்திருப்போம், குண்டு ஒன்றைக் கடந்து மற்றதைக் கடக்க ஆகும் நேரத்தைக் கருவி காட்டும். என் நம்பர்களைப் பார்த்துப் பக்கத்து ஷெட்டில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள். செல்வத்தின் நம்பர்களைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

எங்கள் மேலதிகாரி கேசவமூர்த்தி சார். மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு பேசும்போது கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சுட்டு முடிந்த கூட்டைக் கையில் எடுப்பார், விளிம்பை நகத்தால் சுற்றிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் முகர்வார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது வரைக்கும் பக்கத்தில் நிற்பவன் பேசக் கூடாது. பேசினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவரிடம் எதைப் பற்றிச் சொல்லப் போனாலும் ஒரே சட்டம்தான்: "மொதல்ல கண்ணு பார்த்தது சொல்லப்பா. மனசு நினைச்சது ஆமேல." ஆமேல என்றால் அப்புறம். பார்த்ததையும் நினைத்ததையும் கலந்து சொன்னவனை அப்படியே நிற்க வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

மேஸ்திரி ரிட்டயர் ஆகும் நேரம் வந்தது. அவர் நாற்காலிக்கு, அதாவது பெஞ்ச் இன்சார்ஜ் பதவிக்கு, ஒன்று நான், இல்லையென்றால் செல்வம். அப்போது ஜெசிந்தா ஸ்கூலில் சேர்ந்திருந்தாள், ஆண்டனி கைக்குழந்தை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்கு அது வேண்டும் என்பதைவிட அது செல்வத்துக்குப் போகக் கூடாது என்பது பெரிதாக இருந்தது. அவன் தாமதமாக வருவான், எல்லோரையும் சிரிக்க வைப்பான், டீ நேரத்தில் சார் அவனைத் தேடி வந்து பேசுவார். என்னிடம் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார். ஒரு மனிதன் இவ்வளவு குறைவாக முயற்சி செய்து இவ்வளவு பிரியம் வாங்குகிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் அம்மாவோ, எனக்குத்தான் நாற்காலி என்று ஈஜிபுராவில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் புதிதாக இரண்டு வகைத் தோட்டாக்கள் சோதனைக்கு வந்தன. ஒன்று நீளக் கூடு. மற்றது குட்டை, கொஞ்சம் தடி. இரண்டுக்கும் குழலின் துளை ஒன்றுதான். எதைத் தயாரிப்பது என்று மேலே முடிவு செய்ய எங்கள் நம்பர் வேண்டும். எங்களுக்கு நீளத்தின் மேல்தான் ஆசை. பார்த்தாலே கம்பீரமாக இருக்கும். சுட்டால் ஷெட்டின் தகரம் அதிரும். நான் சுட்டேன். வேகம் குட்டையைவிட அதிகம், நம்பர்கள் என் கைக்கே உரிய மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. மறுநாள் அதே பெட்டியிலிருந்து செல்வம் சுட்டான். அவன் நம்பர்கள் சிதறிக் கிடந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று எங்கேயோ.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். செல்வத்தின் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுற்றி, முகர்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏனு பார்த்தே?" என்றார், என்ன பார்த்தாய் என்று.

"அவன் தட்டாம போட்டான் சார்."

"அது பார்த்ததா, நினைச்சதா?"

"பார்த்தது சார். பெட்டியில தலைகீழா நிக்குதுல்ல, அப்படியே எடுத்து அப்படியே உள்ள தள்ளினான். பின்னாடி நின்னு பார்த்தேன்."

சார் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம் சார் என்றான். மேஸ்திரி மூலையிலிருந்து, இவ்வளவு வருஷம் சொல்லிக்கொடுத்தும் இப்படியா என்று முனகினார். எனக்கு நாற்காலியின் கைப்பிடி விரலில் பட்டது போலவே இருந்தது.

"ஏன் தட்டல?" என்றார் சார்.

"வெளில வாங்கிட்டுப் போறவன் தட்ட மாட்டான் சார். மேகசின்ல போட்டு படபடன்னு சுடுவான். அவனுக்கு எப்படி வருதுன்னு பார்க்கலாம்னு."

சார் என்னைச் சுடும் மேடைக்குப் போகச் சொன்னார். நீ சுடு, ஆனால் தட்டாதே என்றார். நான் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். எடுத்ததும் என் விரல் தானாகத் தட்டிவிட்டது. சார் அதை வாங்கி வைத்துவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதையும் தட்டினேன். வேண்டுமென்று இல்லை. ஜெபம் முடிந்ததும் கை தானாக நெற்றிக்குப் போகிற மாதிரி அது எனக்கு. செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியில் சாரே பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் வலக்கையில் வைத்தார். என் இடக்கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படியே தள்ளி அப்படியே சுட்டேன்.

என் நம்பர்கள் செல்வத்தினுடையதைவிட மோசமாகச் சிதறின.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. நீளத் தோட்டா ஒன்றை என் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். உள்ளே மருந்து சரசரவென்று ஓடியது. மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். குட்டையை எடுத்து ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதா?"

"கேக்குது சார்."

"காலி ஜாகா அது, காலி இடம். உள்ள அழுத்தம் ஜாஸ்தி ஆகும்னு மருந்து நிரப்ப முடியல, கூடு மட்டும் பெரிசாக் கட்டியிருக்காங்க. உன் கை ரொம்ப நல்ல கை ஜோசப். அந்த ஜாகாவை உன் கை மறைச்சிடுச்சு."

பிறகு குழலின் வாய்க்குக் கீழே தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தோம். இது சாரின் வழக்கம். நீளத்தைச் சுட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால் வேட்டியில் எரியாத மருந்து கடுகு சிந்தின மாதிரி கிடந்தது. குட்டையைச் சுட்டபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. அடுத்து தூரத் திரை. குழல் வாயில் வேகமாகக் கிளம்பிய நீளம், தூரத்துக்குப் போய்ச் சேரும்போது குட்டைக்குப் பின்னால் போய்விட்டது. ஏனென்றால் அதன் கூடு நீளம். கூடும் குண்டும் சேர்ந்து மேகசினில், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், அடங்க வேண்டுமே, அதற்காகக் குண்டின் மூக்கைக் குட்டையாக வைத்துவிட்டார்கள். மொட்டை மூக்கு காற்றில் முட்டிக்கொண்டே போகிறது. குட்டைக் கூட்டுக்கு முன்னால் இடம் இருந்தது, நீளமான கூர்மூக்குக் குண்டு வைத்திருந்தார்கள். குறைந்த மருந்து, குறைந்த உதை, குறைந்த சத்தம், கடைசியில் அதிக வேகம்.

சோதனைகள் எல்லாம் முடியும் வரை நான் செல்வத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அந்தக் குட்டைத் தோட்டாவைப் பார்த்தாலே அவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நீளம் தள்ளுபடி ஆனது. நாற்காலி செல்வத்துக்குப் போனது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெஞ்ச்ல சுடுறதுக்கு நீதான். ஆனா அந்த நாற்காலி தோட்டாவோட குறையைத் தேடணும். நீ குறை வராம பார்த்துக்கற ஆள்." நான் சரி சார் என்றேன். நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததால் அது ஒன்றும் குறைவாக வலிக்கவில்லை.

வெளியே வந்து நான் செல்வத்தை நிறுத்தி ஒன்று கேட்டேன். வாங்குகிறவன் தட்ட மாட்டான் என்று நிஜமாகவே யோசித்துத்தான் செய்தாயா என்று. அவன் சிரித்தான்.

"உன்கிட்ட சொல்றதுக்கு என்ன ஜோசப்பு. அன்னிக்கு சோம்பலா இருந்துச்சு. சார் கேட்டதும் வாயில வந்துச்சு, சொன்னேன். சொன்னப்புறம் பார்த்தா சரியாத்தான் இருக்கு."

யோசித்துப் பாருங்கள். நான் கவனமாக இருந்தது குற்றமாகிவிட்டது, அவன் சோம்பலாக இருந்தது புத்தியாகிவிட்டது. அதையும் அவன் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் அவனை வெறுக்க ஒரு காரணமாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

உங்கள் அம்மா ஒரு வாரம் தன் தங்கையின் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு ப்ளம் கேக்கை என் கையில் கொடுத்து, மர்பி டவுன் போய் செல்வம் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். போனேன். செல்வத்தின் மனைவி கேக்கை வாங்கி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். புதிதாக அவன் போட்ட முதல் உத்தரவை அங்கேயே சொன்னான். இனி எந்த லாட், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி, வந்தாலும் இரண்டு விதமாகச் சுடணும், ஒருமுறை தட்டி, ஒருமுறை தட்டாமல். தட்டிச் சுடுகிற பாதி எப்பவும் ஜோசப்புதான், அந்தக் கை எனக்கு வராது என்றான், மனைவி மக்கள் எல்லோர் முன்னாலும். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். நான் கேக்கைத் தின்றேன்.

அப்புறம் வருஷங்கள் போயின. அவன் நாற்காலியில் இருந்தான், நான் பெஞ்சில் இருந்தேன். அவன் எப்படி உட்காருகிறான், ஒரு லாட் மோசமாக வந்தால் என்ன செய்கிறான், யாரை முதலில் கேட்கிறான், எதைக் கேட்க மாட்டான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தப்பு கிடைக்காதா என்று. சின்னத் தப்புகள் கிடைத்தன. நாற்காலியை ஆட்டுகிற அளவு ஒன்றும் கிடைக்கவில்லை. சார் மாற்றலாகிப் போகும்போது அவனைக் கட்டிக்கொண்டார், எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கை கொடுத்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செல்வம் என்னைவிட வயதில் மூத்தவன், முன்னாடியே ரிட்டயர் ஆனான். கடைசியில் அந்த நாற்காலி எனக்கு வந்தது. வந்த முதல் மாதமே ஒரு சிக்கல். எப்போதும் ஒழுங்காக வரும் குட்டைத் தோட்டா, தட்டினாலும் தட்டாவிட்டாலும், வேகம் ஏறி ஏறி வந்தது. அழுத்தமும் கூடியது. சுடுவதை நிறுத்தினோம். பெஞ்சில் இருந்த புதுப் பையன்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். கவிதா என்று ஒரு பெண், கருவியைப் பார்த்துக்கொள்கிறவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "செல்வம் சார் இருந்தா என்ன சார் பண்ணியிருப்பாரு?"

என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேட்கிறார்கள், அவன் என்ன செய்வான் என்று.

கோபம் வந்து போவதற்குள் என் வாய் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒன்றும் செய்ய மாட்டார் என்றேன். வெளியே போய் ஒரு டீ குடிப்பார். குடித்துக்கொண்டே, இந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் தூக்கிவந்தது என்று ஊர்க்கதை மாதிரி விசாரிப்பார். திரும்பி வந்து குழலைத் தொட மாட்டார், தோட்டாவைத் தொடுவார். ஓரத்தில் இருப்பதை ஒரு கையிலும் நடுவில் இருப்பதை இன்னொரு கையிலும் எடுப்பார். சொல்லிக்கொண்டே அப்படியே எடுத்தேன். ஓரத்துத் தோட்டா கையைச் சுட்டது. அடுப்பருகே வைத்த டம்ளர் மாதிரி. பெட்டியை மதியம் முழுக்க மேற்கு ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்திருக்கிறார்கள். சூடேறிய மருந்து வேகமாக எரியும், வேகமும் அழுத்தமும் ஏறும். பெட்டியைச் சோதனை அறைக்குள் வைத்து, சூடு ஒரே அளவுக்கு வந்த பிறகு மறுநாள் சுட்டோம். நம்பர்கள் ஒழுங்காக உட்கார்ந்தன.

பையன்கள் கலைந்து போனார்கள். கவிதா மட்டும் நின்றாள்.

"அவர் பண்றது ஒவ்வொண்ணும் உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்? நீங்க ரெண்டு பேரும் ரொம்ப க்ளோஸா?"

ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? உங்கள் அம்மாவின் முகத்தைக்கூட நான் இத்தனை வருஷம் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. இந்த இடத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.